கழிவுக் கிலோ

எங்கள் வீட்டில் போன் சத்தம் கேட்டால் அது யாருக்கு, எங்கிருந்து என்று முதலில் சொல்லுகிறவன் மகன். திரையைப் பார்க்கவே மாட்டான். "அம்மாவுக்கு, வலயம்" என்பான். "அப்பாவுக்கு, தொரை" என்பான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குரூப்புக்கும் ஒவ்வொரு சத்தம் வைத்துத் தந்ததும் அவன்தான். அவனுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. பெற்றார் குரூப் என்றால் அம்மா பார்த்துவிட்டு உடனே வந்துவிடுவாள். அதிபர் என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனை என்றால் சோறு ஆறிவிடும், அம்மாயியோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம்.

நான் கந்தப்பளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. வீட்டுக்காரர் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். சனங்கள் இன்றைக்கும் கணக்கப்பிள்ளை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருப்பது தோட்டத்துக் குவாட்டர்ஸ். நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் வீதியில் வந்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும். நானுஓயாவிலிருந்து ராகலைக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஒன்று ஓடியது, இந்தக் கந்தப்பளை வழியாகத்தான். 1940களில் அது நின்றுபோனது. பின்னேரம் ஐந்தரைக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிடும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மூட்டம் இறங்கினால் அன்றைய பாடு அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினால் சாவுச் செய்தி, இல்லையென்றால் பிரசவ வலி.

எங்களோடு இருப்பது என் அம்மா. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். எழுத்து வாசனை இல்லை. ஆனால் வேலைக் கணக்கில் அவளை ஏமாற்றிய ஆள் தோட்டத்தில் கிடையாது. அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் போனைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

விடியற்காலம் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு அம்மா மலைக்குப் போவாள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, அந்திக் கொழுந்துக்கு ஒன்று. கொழுந்து மடுவத்தில் தராசு பார்க்கிறவர் நிறையைச் சத்தமாகச் சொல்லுவார், பக்கத்தில் ஒருவர் புத்தகத்தில் போடுவார். அம்மா அந்த மூன்று எண்ணையும் தலைக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்கு வருவாள். வந்ததும் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து வாசல் இஸ்தோப்பில் போடுவாள், கால் கழுவுவாள், அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைப்பாள். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு எண்களைச் சொல்லுவாள். நான் பழைய கொப்பி ஒன்றில் தேதி போட்டு எழுதுவேன். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும்.

சம்பளத் துண்டு வந்த இரவு குப்பி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். நாள் கொழுந்துக்கு மேல் எடுத்த ஒவ்வொரு ஓவர் கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் கைக்காசு. குறைவாக எடுத்தால் அரைநாள் கூலி, அரைப்பேர்தான் விழும். ஒருமுறை அந்திக் கொழுந்து எட்டுக் கிலோ என்று என் கொப்பியில் இருந்தது, ஆபிஸ் கணக்கில் ஆறு. அம்மா மறுநாள் என்னையும் கொப்பியையும் இழுத்துக்கொண்டு ஆபிஸ் வாசலில் போய் நின்றாள். பெரிய கிளாக்கர் ஐயா முதலில் சிரித்தார். பிறகு மற்ற நாள்களையும் ஒத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்த இரண்டு கிலோவுக்கு என்ன வந்திருக்கப் போகிறது, ஒரு டொபி வாங்கக் காணாது. திரும்பி வரும்போது அம்மா காசைப் பற்றிப் பேசவே இல்லை. "நம்ம எடுத்தத நம்ம எடுத்ததுனு எழுதணும். அவ்வளவுதான்" என்றாள்.

1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. அதற்குக் கொஞ்ச காலம் கழித்து எங்கள் தோட்டத்தில் கழிவு கூடியது. கூடைக்கு, படங்குக்கு, மழைத்தண்ணிக்கு என்று நிறுவைக்கு நிறுவை கிலோக்கள் கழிக்கப்படும். வெயில் நாளிலும் மழைத்தண்ணிக்குக் கழித்தார்கள். ஒருநாள் மத்தியான நிறுவையில் பொம்பளைகள் எல்லோரும் கூடையை இறக்கி வரிசையாக றோட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாடசாலை விட்டு வந்த நாங்கள் கூடைகளுக்கு நடுவே ஓடி விளையாடியது ஞாபகம் இருக்கிறது. சங்கத் தலைவர் வந்தார், சின்னத் தொரை வந்தார், கடைசியில் தோட்ட மனேஜரான பெரிய தொரையின் ஜீப் வந்தது. கழிவு முழுசாக நிற்கவில்லை, குறைந்தது. அன்றைக்கு மலைக்குத் திரும்பாமல் பொழுதோடு வீட்டில் இருந்த அம்மா மாவு பிசைந்து ரொட்டி சுட்டாள். பகல் வெளிச்சத்தில் அவள் சமைத்ததை அதற்கு முன் நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்றபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். மலையகத்தில் அந்த நியமனம் பெற்ற எங்கள் செட்டுக்கு அந்த ஆறாயிரத்தின் கதை நன்றாகத் தெரியும். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துத்தான் ஒழுங்கான சம்பளம் என்று ஒன்று வந்தது. அப்போதும் வேலைக்கு ஒரு கரை இருந்தது. காலை ஏழரைக்கு மணி அடிக்கும், ஒன்றரைக்கு விடும். பாடக்குறிப்பும் கொப்பி திருத்துவதும் வீட்டுக்கு வரும். அது எப்போதும் வந்ததுதான், அதை நான் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுற்றறிக்கை தபாலில் வந்து அதிபரின் மேசையில் கிடக்கும். நாளைக்குள் ஒரு விபரம் வேண்டுமென்றால் வலயத்திலிருந்து யாராவது அதிபருக்குப் போன் செய்வார்கள், அவர் காலையில் எங்களிடம் கேட்பார். இரவில் எதுவும் கெட்டுப்போனதாக எனக்கு ஞாபகமில்லை.

2020 மார்ச் நடுவில் கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். பத்து நாளுக்குள் ஊரடங்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் வாட்ஸ்அப் குரூப் தொடங்கச் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் நகரத்து ஆசிரியர்களுக்கும் எங்களுக்கும் வழி பிரிந்தது. கொழும்பில் காலை எட்டு மணிக்கு சூம் வகுப்பு வைத்தார்கள். எங்கள் லயத்தில் காலை எட்டு மணிக்குப் போன் வீட்டில் இருக்காது. ஒரு குடும்பத்துக்கு ஒரு போன். அது அப்பாவின் சேட்டுப் பையில் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விடும், இல்லையென்றால் அம்மாவோடு மலைக்குப் போய்விடும். ஊரடங்கிலும் தேயிலை நிற்கவில்லை, தோட்டங்கள் ஓடின. போன் வீடு திரும்ப ஆறு, ஆறரை. அதற்குப் பிறகு அது சார்ஜ் ஏற வேண்டும். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பில் இருந்தால் முதலில் சாதாரண தரப் பிள்ளைக்கு, பிறகு புலமைப்பரிசில் பிள்ளைக்கு. என் வகுப்புப் பிள்ளைகளின் முறை வரும்போது எட்டரை, ஒன்பது ஆகிவிடும்.

அதனால் என் பாடசாலை இரவில் நடந்தது. யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. போன் எப்போது லயத்துக்கு வருகிறதோ அப்போது பிள்ளை வரும், பிள்ளை வரும்போது டீச்சர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மணிக்குக் குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழும். "டீச்சர், மூணாவது கணக்கு விளங்கல." பின்னால் கோழி கத்தும், தம்பி அழுவான், யாரோ "சீக்கிரம் குடு, நான் பேசணும்" என்பார்கள். நானும் என் பதிலைக் குரலில்தான் அனுப்புவேன். என் பதிவிலும் பின்னால் ஒரு பிள்ளை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும்.

டேட்டாவின் கதை வேறு. எங்கள் வீட்டு இணைப்பில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரைக்கும் தனி டேட்டா. பகல் டேட்டா முதல் பத்து நாளில் முடிந்துவிடும், இரவு டேட்டா மிச்சம் கிடக்கும். ஆகவே பாட வீடியோவைப் பன்னிரண்டுக்குப் பிறகு ஏற்றுவேன். அலாரம் வைத்து எழும்பி, குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, அந்த நீலக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரீலோட் செய்தது எல்லாம் என் காசு. போனும் என் காசு, தவணைக்கு எடுத்தது.

அம்மா தூக்கம் குறைந்தவள். ஓர் இரவு எழும்பி வந்து இஸ்தோப்பு வாசலில் நின்றாள்.

"ஏ புள்ள, இந்த நேரத்துல யாருக்கு வேல செய்யிற?"

"புள்ளைங்களுக்கும்மா. பாடம் அனுப்புறேன்."

"அது செரி. இதுக்கு யாரு பேர் போடுறா?"

யாரும் போடவில்லை என்றேன். "ஓன் காசுல கூட வாங்கி, ஓன் காசுல படங்கு வாங்கி, ராத்திரியில கொழுந்து எடுக்குற. நிறுக்கவும் ஆளில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகளின் படிப்பையும் கொழுந்தையும் ஒன்றாகப் பேசுகிறாளே என்று. அவள் பேசியது படிப்பைப் பற்றி இல்லை என்பது பிறகு விளங்கியது.

2021 ஓகஸ்டில் பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறையில் ஏறிப் படித்த படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இங்கேயும் அப்படி ஓர் இடம் இருந்தது, தேயிலை ஸ்டோருக்கு மேலே உள்ள கல். மழைக்குள் சாக்கைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டினார்கள். அந்தப் படத்தில் எனக்கு முதலில் தெரிந்தது வெளிச்சம். பொழுது சாய்ந்திருந்தால் அந்த ஆசிரியையின் வீட்டில் விளக்கு வைத்தது யார் என்று யோசித்தேன்.

அதற்கு முந்தின மாதம், 2021 ஜூலை 12ஆம் தேதி, ஆசிரியர் அதிபர் சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகின. இருபத்து நான்கு வருசச் சம்பள முரண்பாடு, அதோடு ஆர்ப்பாட்டத்தில் கைதான சங்கத் தலைவர்கள். அந்த முரண்பாட்டைப் பற்றிய சுபோதினி குழு அறிக்கை என்ற பேரை அப்போதுதான் எங்கள் லயத்துப் பெற்றாரும் கேள்விப்பட்டார்கள். ஒக்டோபர் 25 வரை அது நீடித்தது.

அந்த மூன்று மாதத்தை எப்படிச் சொல்வது? முதல் கிழமை கை சும்மா இருக்கவில்லை. ஒன்பது மணியானால் போனை எடுத்துப் பார்ப்பேன். குரூப் அப்படியே கிடக்கும். என் ஒருத்தியின் போன் மட்டும் அமைதியாக இருந்திருந்தால் நான் பயந்திருப்பேன். எல்லோருடைய போனும் அமைதி என்பதால் மூச்சு விட முடிந்தது. வலயத்துக்கு யாரும் "கிடைத்தது சேர்" என்று போடவில்லை, ஆகவே நான் போடாததை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை நானே எனக்குச் சட்டம் போட்டிருந்தேன். எட்டுக்குப் பிறகு போன் அலுமாரிக்குள். ஞாயிற்றுக்கிழமை டேட்டா நிறுத்தம். ஒன்றும் நிலைக்கவில்லை. பக்கத்துப் பாடசாலை டீச்சர் ஒன்பதரைக்கு விபரம் அனுப்பிவிட்டால் நான் மட்டும் எப்படி அனுப்பாமல் இருப்பது? தனி ஆளாகக் கூடையை இறக்கி வைத்தால் அன்றைக்கு அரைப்பேர். எல்லோரும் சேர்ந்து இறக்கினால்தான் ஜீப் வரும்.

மகன் அப்போது சின்னவன். இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்வதே அவனுக்குப் புதிது. வீட்டுக்காரரின் போன் நடுவில் அடிக்கும், அதை வேறு கதையாகச் சொல்கிறேன். அம்மா பழைய கதைகளை எல்லாம் எடுத்தாள். விடியக்காலம் தப்பு அடித்து ஆட்களை எழுப்பிய காலம், தப்புக்காரன் குடித்துவிட்டு நடுச்சாமத்தில் அடித்து முழுத் தோட்டத்தையும் பிரட்டுக்களத்துக்கு வரவைத்த கதை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்திலும் அந்தத் தப்புச் சத்தம் உண்டு. ஆனால் அதில் இல்லாத சேட்டைகள் அம்மாவிடம் இருந்தன. மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போக முடியாது. பிள்ளைகளுக்குப் பாடம் போனது. நகரத்தில் பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்கள் காசுக்கு சூமில் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. கந்தப்பளை டவுனில் கடைக்கு முன்னால் ஒரு தகப்பன் என்னைப் பார்த்து, "டீச்சர், ஒங்க நியாயம் எங்களுக்கு விளங்குது. புள்ள எழுத்த மறந்துரும் போலருக்கு" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எங்களில் சிலர் கடதாசியில் பயிற்சி எழுதி, போட்டோப்பிரதி எடுத்து, லயத்துக் கடையில் வைத்துவிட்டு வந்தோம். யார் யார் என்று இங்கே சொல்லமாட்டேன். சங்கத்துக்குத் தெரிந்தால் ஒரு பேச்சு, வலயத்துக்குத் தெரிந்தால் வேறு பேச்சு. அது வேலைநிறுத்தத்தை உடைத்ததா? இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். போன் வழியாக வந்த வேலைதான் நின்றது. பிள்ளைகள் நிற்கவில்லை.

ஒக்டோபரில் பாடசாலை திறந்தது. பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், ஆகவே குரூப்புகளுக்கு இனி வேலை இல்லை என்று நம்பினேன். குரூப்புகள் எங்கும் போகவில்லை. இரவில் பாடம் படித்த பிள்ளைகள் விட்டுப்போன இடத்தில் எக்செல் தாள்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. வரவு விபரம், பாதணி அளவு, சத்துணவு விபரம், தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் விபரம். "மிக அவசரம். இன்று இரவு 9.00 மணிக்கு முன்." அனுப்புகிறவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு மாகாணத்திலிருந்து எட்டரைக்கு வந்திருக்கும். தபாலில் வந்த காலத்தில் அதே விபரத்துக்கு இரண்டு கிழமை கொடுத்தார்கள். நோய்க்காலம் எங்களைப் பற்றி மேலிடத்துக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டது: இவர்கள் இரவு ஒன்பது மணிக்கு இருப்பார்கள்.

அடுத்த வருசம் மின்வெட்டு வந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம். கோபுரத்தில் பற்றரி இறங்கியதும் சிக்னலும் போய்விடும். அந்த இருட்டில் குடும்பங்கள் ஒன்றுகூடின, கதை பேசின என்று பலர் எழுதினார்கள். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றித்தான் பேசினோம்.

இனி வீட்டுக்காரரின் போன். அவருடைய குரூப்பில் பெரிய தொரை, சின்னத் தொரை, டிவிஷன் டிவிஷனாகக் கணக்கப்பிள்ளைமார், ஸ்டோரிலிருந்து டீமேக்கர். பின்னேரம் கொழுந்து லொறி போனதும் அன்றைய கிலோ, வந்த ஆட்கள், நாளைக்கு எந்த மலை, எத்தனை பேர் என்று போட வேண்டும். அது நியாயம். அதற்குப் பிறகு தொரை பங்களாவில் சாப்பிட்டுவிட்டு, கம்பனி ஆட்கள் கொழும்பிலிருந்து கேட்டதை எல்லாம் பத்து மணிக்குக் கேட்பார். கவ்வாத்து மலையில் ஏன் இன்னும் புல் நிற்கிறது? படம் அனுப்பு. இரவு பத்து மணிக்குப் புல்லை எப்படிப் படம் பிடிப்பது? காலையில் எடுத்த படம் ஏதாவது கிடக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருப்பார். முந்தின தலைமுறைக் கணக்கப்பிள்ளைமாருக்குத் தப்பால்காரன் இருந்தான். தொரையின் துண்டுக் கடிதம் தப்பால் பையில் வரும், பதில் போகும். தப்பால்காரனுக்கும் கால் வலிக்கும், மழை பிடிக்கும், நாய் துரத்தும். அந்தத் தாமதத்தில்தான் கணக்கப்பிள்ளையின் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தார்கள்.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் தம்பி லீக்ஸும் கரட்டும் சேர்த்து அனுப்புகிறவன். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் விலை என்ன, லொறியை அங்கே விடுவதா கொழும்புக்கு விடுவதா என்பது இரவில்தான் முடிவாகும். அவன் போன் அடிக்காவிட்டால்தான் அவன் வீட்டில் கவலை. "அக்கா, இந்தப் போன் இல்லாத காலத்துல தரகன் சொன்னதுதான் வெல. இப்ப எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்" என்பான். அவன் மனைவி பத்து மணி அழைப்புக்காகக் காத்திருந்து, சத்தம் கேட்டதும் அவனை உலுக்கி எழுப்புவாள்.

பக்கத்துக் குவாட்டர்ஸில் இன்னொரு கதை. அந்தப் பிள்ளையின் அம்மா வளைகுடா நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே வேலை முடிந்து அவளுக்கு இமோவில் வர நேரம் கிடைக்கும்போது இங்கே நடுச்சாமம் நெருங்கிவிடும். பிள்ளை போனைப் பிடித்தபடி தூங்கிப்போய், அவள் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அதன் அப்பாயி சொல்லுவாள். அந்த வீட்டில் போன்தான் அம்மா. போனால் குடும்பம் கெடுகிறது என்று ஒருநாள் பாடசாலைக் கூட்டத்தில் யாரோ பேசியபோது நான் அந்த அப்பாயியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

மற்ற நாடுகளில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. பிரான்ஸில் 2017இலிருந்து குறைந்தது ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பைப் பற்றித் தொழிலாளரோடு பேசி ஒழுங்கு செய்ய வேண்டும். போர்த்துக்கல் 2021இல், தவிர்க்க முடியாத நிலை இல்லாமல் ஓய்வு நேரத்தில் முதலாளி தொழிலாளியைத் தொடர்புகொள்ளக்கூடாது என்றே எழுதிவிட்டது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் 26 முதல், நேரம் தவறி வந்த அழைப்பை, அப்படி விடுவது நியாயமற்றதாக இல்லாதவரை, கவனிக்காமல் விடுவது தொழிலாளியின் உரிமை. இந்தியாவில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. நம்முடைய கடை அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து என்று அது தெளிவாகச் சொல்லுகிறது. கடை எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது என்று பார்த்து எழுதிய சட்டம். சட்டைப் பைக்குள் கடை வரும் என்று 1954இல் யார் கண்டது? அதிலும் அரச ஆசிரியர்களான நாங்கள் தாபனக்கோவைக்குக் கட்டுப்பட்டவர்கள், அந்தச் சட்டம் எங்கள் பக்கம் வராது.

இந்தச் சட்டங்களை வாசிக்கும்போது எனக்கு வரும் சந்தேகம் வேறு. வேலையிடம் ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருக்கிறவர்களை நினைத்து எழுதியவை அவை. இங்கே நாங்கள் படுத்திருக்கும் வீடே தோட்டத்தினுடையது. கூரைத் தகரம் ஒழுகினால் அதையும் தொரையிடம்தான் கேட்க வேண்டும். இரவு பத்து மணிச் செய்திக்குப் பதில் போடாத கணக்கப்பிள்ளை, காலையில் தகரத்துக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? அம்மாவின் காலத்திலும் லயம் தோட்டத்தினுடையதுதான். ஆனால் படங்கை அவிழ்த்துப் போட்ட பிறகு அவளிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் யாராவது நடந்து வர வேண்டியிருந்தது.

சென்ற வருசம் எங்கள் பாடசாலையில் ஒரு காரியம் செய்தோம். ஆசிரியர் கூட்டத்தில் மூத்த டீச்சர் ஒருவர் எழும்பி, இனி ஏழு மணிக்குப் பிறகு வருகிற விபரக் கோரிக்கைக்கு எல்லோரும் மறுநாள் காலை ஏழரைக்குப் பிறகுதான் பதில் போடுவோம் என்றார். எல்லோரும் என்ற சொல்லை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். அதிபர் சிரித்தார், மறுக்கவில்லை. அவருக்கும் வீடு இருக்கிறதே. முதல் மாதம் வலயத்திலிருந்து இரண்டு மூன்று தடவை கடிந்து பேசினார்கள். பிறகு கவனித்தோம், எங்கள் பாடசாலைக்கான கோரிக்கைகள் பகலில் வரத் தொடங்கின. பரீட்சைக் காலத்தில் விதி உடையும், மறுபடி ஒட்டும். புதிதாக வந்த இளம் டீச்சர் ஒருத்தி பயத்தில் ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டு மறுநாள் எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் திட்டவில்லை. எனக்கும் அந்த வயதில் அந்தப் பயம் இருந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது மிகவும் கவனமாகக் கேட்டாள். அவளுக்கு எக்செல் தெரியாது, வலயம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. "எத்தன பேரு சேந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். எல்லோரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க ஐயாமாரெல்லாம் சங்கத்துல இருக்கீங்கதானே. சம்பள ஒப்பந்தம் பேசுறப்ப இதப் பேசுனீங்களா?"

அவர் சிரித்தார். "அத்த, அங்க சம்பளம் பேசவே நேரம் காணாது."

"ஓவர் கிலோவும் சம்பளந்தான்" என்றாள் அம்மா. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

கணக்கப்பிள்ளைமாரில் மூன்று நான்கு பேரிடம் பேசிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். இரண்டு பேர் சரி என்றார்களாம். ஒருவர், "தொரைக்குத் தெரிஞ்சா என்னைய அடுத்த டிவிஷனுக்குத் தூக்கிருவாரு" என்றாராம். இன்னொருவர் குவாட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டிருக்கிறார், அது கிடைத்த பிறகு பேசுவோம் என்றாராம். அடுத்த கிளைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டுவிடுவதென்று இவர் முடிவு செய்திருக்கிறார். கூட்டத்துக்கான அறிவித்தல் போன வெள்ளிக்கிழமை வந்தது, வாட்ஸ்அப்பில், இரவு பத்தேகாலுக்கு.